பிரிக்காத பொடி டப்பா

காலை ஆறு நாற்பதுக்குக் கள்ளக்குறிச்சியில் விழுப்புரம் பஸ் கிளம்பியபோது, முன் சீட்டுப் பெரியவரின் மடியில் சீல் பிரிக்காத ஒரு மூலிகைப் பொடி டப்பா இருந்தது. பக்கத்தில் அவருடைய மனைவியின் தம்பி.

“கல்வராயன் மலைக்குப் போயி வாங்கினு வந்தேன் மாமா. தொறக்கக்கூட இல்லியே!”

“கோச்சிக்காத மாப்ள. புராஸ்டேட் கேன்சர் எலும்புக்குப் போயிடுச்சின்னுதான் டாக்டரு புது மாத்திர குடுத்துக்கிறாரு. கட்டி வளர்ற வழிய மட்டும் அடைக்குமாம்.”

“அதோட இதையும் சாப்ட்டா இன்னா கெட்டுப்போவுது?”

“அத டாக்டர கேக்கத்தான் எடுத்தாறேன். கரும்புக்கு ரெண்டு மருந்த ஒரே நாள்ல அடிச்சா, எது கேட்டுச்சின்னு தெரியுமா?”

“தெரியாது.”

“ஒடம்பும் அப்டித்தான்.”

தம்பி சிரித்துவிட்டார். “டாக்டருக்குப் படிக்க வேண்டிய ஆளு நீங்க. வடக்கனந்தல்ல கரும்பு வெட்டிக்கினு கீறீங்க.”

“படிச்சிருந்தா உங்க அக்காவ கட்டியிருக்க மாட்டேன்.”

“பயமா இல்லியா மாமா?”

“இருக்குது. அதுக்காவ கண்டதயும் முழுங்க முடியுமா?”

தம்பி எழுந்து, வெயில் படாத ஜன்னலோர இடத்தை அவருக்குக் கொடுத்தார்.

மாத்திரை கேட்கிறதா என்று பார்க்கும் முதல் ரத்தப் பரிசோதனை அன்று பத்து மணிக்கு.