நாற்பதாம் நாள் அறிவிப்பு

மரண அறிவிப்பு எழுதுவதில் எனக்கு நல்ல கை, அபூனா. பாதிரியாரான நீங்களே உங்கள் அண்ணன் போனபோது என்னிடம்தான் ஆள் அனுப்பினீர்கள். பள்ளியில் அரபு இலக்கணம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு நம் சுப்ரா பேட்டையில் எனக்கு அமைந்த வேலை இது. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. டாக்டர் மருமகனை எங்கே வைப்பது, சண்டை போட்டுப் பிரிந்த சம்பந்தியை எப்படி அரை வரியில் முடிப்பது, எல்லாம் எனக்கு அத்துபடி. கொஞ்சம் கூட்டித்தான் எழுத வேண்டும். குடிகாரன் இல்லத்தின் ஒளி ஆவான், கருமி ஏழைகளின் தகப்பன் ஆவான். படிக்கிறவர்கள் யாரும் அதை நம்புவதில்லை, ஆனால் இல்லாவிட்டால் குறைப்பட்டுக்கொள்வார்கள்.

என் தங்கை தமியானாவைப் பற்றி நான் எழுதியதும் அந்த வகைதான்.

அம்மா நாலு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். குளிப்பாட்டியது, துடைத்தது, புண்ணுக்கு மருந்து போட்டது எல்லாம் நான். தமியானா எகிப்தை விட்டுப் போய்க் கனடாவில் தன் மகள் யூஸ்தீனாவோடு இருந்தாள். நிரந்தரமாக அங்கேயே வசிக்கலாம் என்று அரசாங்கம் கொடுத்த அட்டை வைத்திருந்தாள். ஒரு லெபனான்காரர் வீட்டில் சமையல் வேலை, சம்பளம் கையில். கோடையில் ஒருமுறை வருவாள், அம்மாவின் கைக்கு க்ரீம் தடவிவிடுவாள், பக்கத்தில் படுத்துப் படம் எடுத்துக்கொள்வாள், போய்விடுவாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அம்மா கண்மூடுவதற்கு முந்தின நாள் வந்து சேர்ந்தாள். துக்கம் கேட்க வந்த பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"பாவம், கடலைத் தாண்டி ஓடி வந்திருக்கா பாரு. பொண்ணுன்னா இவ பொண்ணு," என்றாள் எதிர்வீட்டு மதாம் இன்ஷிராஹ்.

"ஐதாவும் பாவம்தான்," என்று என்னைக் காட்டினாள் இன்னொருத்தி.

"ஐதாவுக்கென்ன, அவ எப்பவும் இங்கயே கிடக்கிறவதானே."

நான் அவர்களுக்குச் சர்க்கரை போடாத காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வலித்தது, அபூனா. அதை மறைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஜெபத்துக்கு நீங்கள் வந்து போனதும் தமியானா பெட்டியை எடுத்துவிட்டாள். அங்கே யூஸ்தீனாவுக்கு ஆறாம் மாதம். கட்டினவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. தவிர, தமியானாவின் அட்டைக்கும் நாள் முடியப்போகிறது. வயிற்றுப் பிள்ளையின் படத்தைக் காட்ட அவள் பர்ஸைத் திறந்தபோது தேதியைப் பார்த்திருந்தேன்.

"நாற்பது கும்பிடாம போனா ஊரு என்னடி பேசும்?" என்றேன். "அம்மா உன் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் உயிரை விட்டா."

அது உண்மை. கடைசி வாரம் முழுக்க அம்மா அவள் பெயரைத்தான் சொன்னாள். என்னையும் அந்தப் பெயரால்தான் கூப்பிட்டாள்.

"கார்டு முடிஞ்சிருமேக்கா."

"முடிஞ்சா என்ன? கார்டுதானே முடியுது, நீயா முடியுற? அங்க போய்ப் புதுசு வாங்கிக்க."

சட்டப்படி நான் சொன்னதில் தப்பில்லை. அட்டை காலாவதியானால் உரிமை காலாவதியாகாது. ஆனால் மூன்றாம் மாடி வக்கீல் நஷாத்தின் மாமியார் இதே மாதிரி முடிந்த அட்டையோடு போய் விமான நிலையத்திலிருந்தே திரும்பி வந்தது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல அப்போது சந்தர்ப்பம் அமையவில்லை.

நாற்பது நன்றாக நடந்தது. அதற்கு மறுநாள் நானே அவளை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது முடிஞ்சு போச்சே மதாம்."

"கார்டுதாம்மா முடிஞ்சிருக்கு. நான் முடியல. நான் அங்க நிரந்தரமா இருக்கிறவ."

"அதை அங்க இறங்கினப்புறம் சொல்லுங்க, ஒத்துக்குவாங்க. இங்க உங்களை ஏத்திவிட்டா அபராதம் எங்க தலையில. தூதரகத்துல பயணக் காகிதம் வாங்கிட்டு வாங்க."

வரும் வழியெல்லாம் தமியானா டாக்ஸியில் அழுதாள். அன்று இரவு அவளுக்கு மொலோகியா கீரைக் குழம்பு சமைத்துக் கொடுத்தேன். இனியும் தினம் இரண்டு பேருக்குச் சமைக்கலாம். எனக்கு நன்றாகவே பசித்தது.

பயணக் காகிதம் கொடுப்பவர்கள் ஒன்றைத்தான் பார்ப்பார்கள். கடைசி ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷமாவது அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். அவள் இருந்திருக்கிறாள். ஆனால் கையில் சம்பளம் வாங்கியவளுக்கு வரிக் காகிதம் இல்லை. வாடகை வீடு மகள் பெயரில். இருந்த ஒரே சாட்சி அவளுடைய பழைய பாஸ்போர்ட். வந்த நாளும் போன நாளும் அதில் முத்திரையாக இருந்தன. அதை அவள் அம்மாவின் அலமாரியில் வைத்திருந்தாள். அம்மாவின் துணிகளைக் கோவிலுக்குக் கொடுக்க எடுத்தபோது அது என் கைப்பைக்குள் வந்தது. வந்தது என்று சொல்வது சரியில்லை. நான் வைத்தேன்.

இரண்டு பேரும் வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினோம். நான் மெத்தைகளைத் தூக்கிப் பிடித்தேன், அவள் குனிந்து பார்த்தாள். "துணியோட துணியா போயிருக்குமோ," என்றேன். கோவிலுக்குக்கூட வந்து கேட்டாள். உங்களுக்கு நினைவிருக்கும்.

"நீயே காகிதமெல்லாம் சேர்த்துக் கட்டி வையிக்கா. எனக்கு எதுவும் ஓடல," என்றாள்.

எதற்காக எகிப்துக்கு வந்தாள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். பத்திரிகையில் நாற்பதாம் நாளுக்கு நான் கொடுத்திருந்த அறிவிப்பை வெட்டி வைத்தேன். படித்திருப்பீர்கள். 'நாடும் வீடும் துறந்து, நான்கு ஆண்டுகள் தாயின் படுக்கையருகே இருந்து, ஒருநாளும் அகலாது பணிசெய்த அருமை மகள் தமியானா.' மதாம் இன்ஷிராஹ் அதைப் படித்து அழுதாளாம். தமியானாவும் அழுதாள். "என்னைப் பத்தி இப்படி எழுதியிருக்கியேக்கா, நான் இதுக்கெல்லாம் லாயக்கா?" என்று என் கையை முத்தமிட்டாள். அந்த நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் கூட்டி எழுதவில்லை. ஆள் பெயர் மட்டும்தான் மாறியது.

மொழிபெயர்த்து முத்திரை போடுகிற கடைக்காரர் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நாலு வருஷமா இங்கயேவா இருந்தாங்க?"

"பேப்பர்ல போட்டிருக்கே," என்றேன். முத்திரை போட்டார்.

வெள்ளைக்காரர்கள் மரண அறிவிப்பை எழுத்துக்கு எழுத்து நம்புவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லலாம். அதைத்தான் எதிர்பார்த்தேன். அவள் நாலு வருஷமாக எகிப்தில்தான் வசித்தாள், வசிப்பு நிபந்தனையை நிறைவேற்றவில்லை என்று பதில் வந்தது. காகிதம் கிடையாது. மேல்முறையீட்டுக்கு இரண்டு மாதம் கெடு கொடுத்திருந்தார்கள்.

அந்த வாரமே யூஸ்தீனாவுக்குக் குறைமாதத்தில் பிறந்துவிட்டது. பெண் குழந்தை. பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தாள், இன்னும் எழுந்து நடமாட முடியவில்லை. பார்த்துக்கொள்ள உறவு யாரும் இல்லை என்று பிள்ளையை அரசாங்கமே எடுத்து முன்பின் தெரியாத ஒரு குடும்பத்திடம் கொடுத்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. பாட்டி வந்து நின்றால் அவளிடம் கொடுப்பார்களாம்.

"அம்மா, நீ எப்பம்மா வருவ?" என்று யூஸ்தீனா போனில் கேட்டதை நானும் கேட்டேன். தமியானா போனை வைத்துவிட்டு மறுபடியும் அம்மாவின் அலமாரியைத் திறந்து தேடினாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவோடு நான் தனியாகக் கிடந்த நாலு வருஷத்தில் இதே கேள்வியை எத்தனை தடவை அவளிடம் கேட்டிருப்பேன். அப்போது அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

மேல்முறையீட்டை உடனே அனுப்பிவிடலாம் என்றாள். "பாஸ்போர்ட் இல்லாம அனுப்பினா மறுபடியும் இல்லைன்னுதான் சொல்லுவான். கிடைக்கட்டும், சேர்த்து அனுப்பலாம்," என்றேன். தினமும் தேடினோம். இப்போது அவள் அம்மாவின் கட்டிலில்தான் படுக்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை, என்னிடம் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பக்கத்து அறையில் ஒரு ஆள் மூச்சு விடும் சத்தம் கேட்கிறது, அபூனா. கல்யாணம் காட்சி இல்லாமல் கிடந்தவளுக்கு அது என்ன என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு மனைவி இருக்கிறாள்.

பாஸ்போர்ட் இதோ இந்தப் பைக்குள்தான் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் கொடுத்துவிடுவேன். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். இனி செய்ய மாட்டேன் என்று மனதாரச் சொல்ல முடிந்தால்தான் பாவமன்னிப்புக் கேட்டு வர வேண்டும் என்று நீங்கள்தானே பிரசங்கத்தில் சொன்னீர்கள். நேற்றோடு மேல்முறையீட்டுக் கெடு முடிந்துவிட்டது, அபூனா. இனி செய்ய மாட்டேன்.