பச்சை நாடா கட்டிய இருபத்து மூன்று கோப்புகள்

போன வியாழக்கிழமை காலை, செயலகப் பதிவறையில், ஏழாவது அலமாரிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே கட்டுக்காரர் இறந்துபோனார். மேடையிலிருக்கும் துணைச் செயலாளர் அம்மா அவர்களே, பிரிவு அலுவலர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அவருடைய துணைவியாரே, கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் உங்களில் ஒருவன் இல்லை. இருபத்தாறு வருஷமாக இந்தக் கட்டடத்துக்குக் காகிதமும் கோப்பு கட்டும் நாடாவும் தருகிற வியாபாரி. சைக்கிளில் கொண்டுவந்தேன்; இன்று மூன்று வண்டி ஓடுகிறது. பலகையில் பதிவறை எழுத்தர் என்று எழுதியிருந்தாலும், முடிந்த கோப்புகளையெல்லாம் கட்டி அடுக்குவதால், அவரைக் கட்டுக்காரர் என்றே கூப்பிட்டோம்.

எந்தச் சரக்கு ஏன் போகிறது என்று தெரியாவிட்டால் வியாபாரிக்கு மனசு ஆறாது. வெள்ளை நாடா பெட்டி பெட்டியாகப் போகும். பச்சை மட்டும் வருஷத்துக்கு ஒரே ஒரு சுருள். அது யாருக்கு? எதைக் கட்ட? கட்டுக்காரரைக் கேட்டால், "வேலைக்குத்தான்" என்பார்.

ஒரு வருஷம் பச்சை கிடைக்கவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று வெள்ளையை அனுப்பினேன். மறுநாள் கடைக்கே வந்து நின்றார்.

"என்ன முதலாளி, கண்ணு மங்கிடுச்சா?"

"ஒரு சுருளுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? எந்த நாடா போட்டாலும் கோப்பு நிக்கப்போகுது."

"வெள்ளையில கட்டினா அது முடிஞ்ச கோப்பு. இது முடியல."

"முடியாதது எப்படி உங்க அறைக்கு வரும்?"

"அதைத்தான் நானும் இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் சனிக்கிழமைதான் தெரிந்தது. மிச்ச நாடாவை எடுத்துக்கொள்ளப் பிரிவு அலுவலர் என்னை வரச் சொன்னார். ஏழாவது அலமாரியைத் திறந்தோம். பச்சை நாடா கட்டிய இருபத்து மூன்று கோப்புகள். ஒன்றை அவிழ்த்தார். உள்ளே கையெழுத்தான ஓய்வூதிய உத்தரவு. கூடவே, முகவரியில் ஆள் இல்லை என்று தபாலில் திரும்பி வந்த உறை. உத்தரவு போட்டாயிற்று, கோப்பை மூடியாயிற்று. கேட்டவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா? சேரவில்லை. எல்லாக் கோப்பும் அப்படித்தான். பக்கத்தில் ஒரு நோட்டு. அதில் அறுபத்தொரு பெயர்கள் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. அவர் தேடிப் பிடித்தவர்கள்.

நேற்று அவர் வீட்டில் அவருடைய துணைவியாரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"ஞாயித்துக்கிழமை ஆனா குடையும் கையுமா கிளம்பிடுவார், தம்பி. கேட்டா, 'ஒருத்தங்களைப் பாக்கணும்'பார். எனக்குச் சந்தேகம் வந்து ஒருநாள் பின்னாடியே போனேன். ஒரு வயசான அம்மா வீட்டு வாசல்ல இவர் நின்னு, 'இதுக்கு முன்னாடி எந்தத் தெருவுல இருந்தீங்க?'ன்னு கேட்டுக்கிட்டிருந்தார். எனக்கே வெக்கமாப் போச்சு."

யார் சொன்னார்கள் அவரை அலையச் சொல்லி? எந்த விதியில் இருக்கிறது? எதிலும் இல்லை. மூடிய கோப்பை வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்தால் அழிக்க வேண்டும் என்பதுதான் விதி. அந்த இருபத்து மூன்றும் இந்த மாதக் கடைசியில் அழிக்கும் பட்டியலில் இருக்கின்றன. போனால் அந்த உத்தரவுகளும் போயின.

நான் தர்மவான் இல்லை, பேரம் பேசுகிறவன். இன்று காலை துணைச் செயலாளர் அம்மாவின் அறையில் உட்கார்ந்து பேசினோம். முடிவானது இது. அழிப்பது ஆறு மாதம் தள்ளிவைக்கப்படும். கோப்பு அறையை விட்டு வெளியே வராது. பெயரும் பழைய முகவரியும் மட்டும் என்னிடம் வரும். என் வண்டிகள் சரக்கு இறக்கும் தெருவிலெல்லாம் விசாரிக்கும். ஆள் கிடைத்தால், அவரே இங்கு வந்து கையெழுத்துப் போட்டு உத்தரவை வாங்கிக்கொள்வார்.

என் கூலி, அவிழ்த்த பச்சை நாடா. இருபத்து மூன்றும் என் கடைக்குத் திரும்பி வர வேண்டும்.