நேர்ந்துகொண்ட மாத்திரை

— பனிக்காலம் ஒரு துறவி மாதிரிடா. காலடிச் சத்தமே இல்லாம வரும். மரத்துக்கிட்ட இலையை வாங்கிக்கும், பறவைகிட்ட பாட்டை வாங்கிக்கும். கடைசியில மனுஷங்க முன்னாடி வந்து நின்னு, உன் சூட்டையும் குடுன்னு கை நீட்டும். நாமளும் குடுத்துட்டு, ஜன்னலோரமா உட்கார்ந்து, எப்ப விடியும்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்.

— அக்கா, வெளியில வெயில் கொளுத்துது. எதிர் நாற்காலிப் பெரியவர் ஸ்கேன் கவரையே விசிறியாக்கி வீசிக்கிட்டிருக்கார். இந்த ஆஸ்பத்திரி வராந்தாவுலயே போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறது நீ ஒருத்திதான்.

— எனக்கு ஆறு வருஷமா பனிக்காலம்தான். சரி, உள்ள கூப்பிட்டு என்ன சொன்னாங்க? என் ஈரல்ல ஒரு பங்கை எப்ப வெட்டி உனக்கு வைப்பாங்களாம்?

— வைக்க மாட்டாங்களாம்.

— ஏனாம்?

— உன் ஈரல்ல மூணுல ஒரு பங்கு கொழுப்பாம். வருஷக்கணக்கா ஊத்திக்கிட்டது நான். கொழுப்பு படிஞ்சது உனக்கு. எங்கேயோ இடிக்குதேக்கா.

— அதான் அந்த ஸ்கேன் பொண்ணு, "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க டீச்சர்"னு கேட்டாளா! நாப்பத்தொன்பது வயசுல, பாட்டு டீச்சரைப் பார்த்து.

— நீ என்ன சொன்ன?

— என் தம்பி குடிச்சான், எனக்கு ஏறிடுச்சுன்னேன்.

— சிரிக்க வைக்காதே. வயித்துல தண்ணி எடுத்த இடம் சுண்டி இழுக்குது... அக்கா, டாக்டரம்மா இன்னொண்ணும் கேட்டாங்க. உன் தைராய்டு மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னாங்கன்னு. எனக்கு ஒண்ணும் புரியலை, முழிச்சேன்.

— அதுக்கும் இதுக்கும் என்னடா?

— அதுதான் எல்லாத்துக்கும்! கழுத்துல இருக்கிற சுரப்பி சோம்பிப் போனா, உடம்பு கொழுப்பை எரிக்கிறது குறைஞ்சுடுமாம். எரியாதது போய் ஈரல்ல படியுமாம். எல்லாருக்கும் இப்படி ஆகாதாம். உனக்கு ஆயிருக்கும்னு நினைக்கிறாங்க. தைராய்டு ரத்த டெஸ்ட்ல நாலுக்குள்ள இருக்க வேண்டிய எண்ணு உனக்கு அறுபத்தெட்டு.

— திரி தாழ்ந்த விளக்கு மாதிரி. எண்ணெய் அப்படியே நிக்கும்.

— உவமை அப்புறம் சொல்லு. ஏன் நிறுத்தினே?

— ஆறு வருஷத்துக்கு முன்னாடி நீ லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போய், போதையில குழிக்குள்ள விழுந்து கிடந்தியே, அன்னைக்கு வேண்டிக்கிட்டேன். இவன் குடியை விடுற வரைக்கும் நான் மருந்து தொடமாட்டேன்னு.

— சோறு விடுவாங்க, தூக்கம் விடுவாங்க. மாத்திரையை விடுவாங்களா யாராவது?

— சோத்தை விட்டா பள்ளிக்கூடத்துல மயங்கி விழுவேன். மாத்திரையை விட்டா யாருக்கும் தெரியாது. வேண்டுதல் வெளியில தெரியக் கூடாதுடா.

— தெரியாமத்தான் குரல் போச்சு. முகம் ஊதிப்போச்சு. பிள்ளைங்க உனக்கு என்ன பேர் வெச்சிருக்காங்க தெரியுமா? கரகர டீச்சர்.

— தெரியும். நல்ல பேர்தான்.

— இடையில நான் குடியை விட்டேனேக்கா.

— நாலு தடவை விட்டே. நாலு தடவையும் நம்பி மாத்திரையை எடுத்தேன். நாலு தடவையும் படிக்கட்டுல நீ தடுமாறுற சத்தம் கேட்டுத் திரும்ப நிறுத்தினேன்.

— இந்தத் தடவை எட்டு மாசம் ஆச்சே. இப்பவும் ஏன் எடுக்கலை?

— கிராம்பு மெல்றியே, பல்வலியா?

— ஆமா. பல்வலி.

— சரி.

— எனக்கு ஈரல் தரணும்னு வந்தவ, எனக்காகவே அதைக் கெடுத்து வெச்சிருக்கே. நான் யார்மேல கோவப்படுறது?

— இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாமா?

— மூணு மாசம் மாத்திரை, தினம் நடை, சாப்பாட்டுல கட்டுப்பாடு. அப்புறம் மறுபடி ஸ்கேன். கொழுப்பு இறங்கியிருந்தா ஈரலை எடுக்கலாமாம்.

— நீ மூணு மாசம் தாங்குவியாடா?

— தாங்கலாம்னாங்க. ஆனா ஒரு சொட்டு உள்ள போனாலும் தாங்காதுன்னாங்க. இந்தா, கீழ மருந்துக்கடையில வாங்கிட்டேன். வெறும் வயித்துல, வெறும் தண்ணியில போடணும். டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கப் பட்டினியாத்தானே வந்திருக்கே?

— வேண்டுதலை எப்படிடா மீறுறது?

— நம்புக்கா. இந்த ஒரு தடவை.

— மாத்திரையை என் உள்ளங்கையில வை. நீ கொஞ்ச நேரம் சும்மா இரு, பாடணும்.

— இங்கேயா? டோக்கன் கூப்பிடுவாங்க.

— முணுமுணுக்கத்தான் போறேன். இருக்கிற குரலுக்கு யார் காதுல விழும்... "ஒளியே, உன்னோடு பேரம் பேசினேன். கொடுத்ததற்குக் கூலி கேட்டேன். கேட்ட கையை மூடிக்கொண்டேன், பொறுத்தருள்."

— புதுசா இருக்கே. யார் பாட்டு?

— இப்பத்தான் வந்துச்சு. தண்ணி குடு... ம், முழுங்கிட்டேன்.

— அப்போ நம்பிட்டியாக்கா?

— மூடியை மூடி வை, சிந்தும்.

— அக்கா.

— சொல்லு.

— எட்டு மாசம்னது பொய். போன வெள்ளிக்கிழமை... ஒரு வாய்தான்.

— தெரியும்டா. கிராம்பு வாய் வாடையை மறைக்கும், சட்டை வாடையை மறைக்குமா? துவைக்கிறது நான்தானே. தெரிஞ்சுதான் முழுங்கினேன். உள்ள போய் டாக்டரம்மாகிட்ட நீயே சொல்லு, இன்னையிலேருந்து எண்ணட்டும். இரு, போறதுக்கு முன்னாடி கொஞ்சம் குனி, கை உன் தலைக்கு எட்டலை... விட்டாலும், விடாட்டியும், நீ நல்லா இருடா.