டிக், டிக் என்றால் சரி

சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வது என் பழக்கம். கடைக்குக் கிளம்பும் மனைவியிடம்கூட, "என்ன வாங்கணும், சொல்லு பாக்கலாம்" என்பேன். தலையில் அடித்துக்கொண்டே சொல்வாள். எங்கள் வீட்டில் சர்க்கரைக்குப் பதில் உப்பு வந்ததே கிடையாது.

விமான நிலையத்தில், தரைக் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு வேலை. நிற்கிற விமானத்தை வண்டி பின்னால் தள்ளும் முன், இறக்கையோரம் நிற்கும் காவலாள் வழி சரியென்று வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். காவலாட்களுக்கு ஒரு அலைவரிசை, வண்டி ஓட்டுநர்களுக்கு இன்னொன்று. இரண்டையும் கேட்பவன் நான் ஒருவன்தான். அங்கே கேட்டதை இங்கே சொல்வதுதான் என் பிழைப்பு.

ஆனால் காவலாட்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். பொத்தானை இரண்டு தடவை அழுத்துவார்கள். டிக், டிக். சரி என்று அர்த்தமாம். யார் அழுத்தியது, எந்த விமானத்துக்கு என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். மேலதிகாரியிடம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். "இத்தனை நாளா அப்படித்தானே ஓடுது, விடுங்க" என்றார்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் என் தங்கையின் கணவர், காவலாட்களில் மூத்தவர். எனக்கு வாத்தியார் என்று பட்டம் கட்டியதும் அவர்தான். "மச்சான், நான் பாத்ரூம் போறேன். திருப்பிச் சொல்லுங்க" என்று வாக்கி டாக்கியில் கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். தங்கை வீட்டில் சாப்பிடப் போன அன்று அதையே நடித்துக் காட்டினார். என் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோபம் என்று சொல்ல மாட்டேன். உடம்பெல்லாம் எரிந்தது, அவ்வளவுதான்.

அன்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விமானங்கள் மட்டும் கிளம்பக் காத்திருந்தன. மாப்பிள்ளை நின்ற விமானத்துக்கு வழி சரியா என்று கேட்டேன். டிக், டிக். ஜன்னல் வழியே பார்த்தேன். அழுத்தியது பக்கத்து விமானத்துக் காவலாள். தன்னைக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டான், பாவம். மாப்பிள்ளை இரட்டைச் சக்கரத்துக்குப் பின்னால் மண்டியிட்டு, இடையில் கையை விட்டு எதையோ எடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு டிக் போதும் என்று எல்லாரும்தானே சொன்னார்கள். நானும் போதும் என்று எடுத்துக்கொண்டேன். ஓட்டுநரிடம், "வழி சரி, தள்ளுங்க" என்றேன். அவர் ஒழுங்கானவர். "வழி சரி, தள்றேன்" என்று திருப்பிச் சொன்னார்.

அந்தப் பக்கத்து விமானத்துக் காவலாள் வேலையை விட்டுவிட்டான். தன் விரல்தான் கொன்றது என்று நம்புகிறான். நான் மறுத்துப் பேசவில்லை. இப்போது விதி மாறிவிட்டது. எல்லாரும் வாயைத் திறந்து சொல்கிறார்கள், கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார்கள். இதனால் எத்தனை உயிர் தப்பும் என்று யாரும் யோசிப்பதில்லை.

தங்கை எங்களோடுதான் இருக்கிறாள். நேற்றும் சோறு போடும்போது கேட்டாள்.

"அண்ணே, கடைசியா அவர் ஏதாவது பேசினாரா?"

"இல்லம்மா. அவர்தான் வாயே திறக்க மாட்டாரே" என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டு குழம்பு ஊற்றினாள். எனக்குப் பசித்தது, சாப்பிட்டேன்.

அவர் பேசினார். நான் தள்ளச் சொல்லிவிட்டிருந்தேன், வண்டி இன்னும் அசையவில்லை. "மச்சான், சக்கரத்துக்கு நடுவுல கை மாட்டிக்கிச்சு. தள்ள வேணாம்னு சொல்லுங்க" என்றார். எங்கே இருக்கிறார், என்ன செய்ய வேண்டும், எல்லாம் தெளிவாகச் சொன்னார். இத்தனை நாளும் நான் கேட்டது அதைத்தான். அதற்குள் பக்கத்து விமானம் இரையத் தொடங்கியிருந்தது, அந்தக் காவலாளுக்கு அது கேட்டிருக்காது. எனக்கு நன்றாகக் கேட்டது. ஓட்டுநரிடம் பேசும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அதைத் தொடாமல், அவர் இன்னொரு தடவை சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.