நிழலுக்குத் திரும்பும் முள்

அதை எனக்கு முதல்முதல் சொன்னவன் அன்ரனிதாஸ்தான், நர்ஸ் பிள்ளை. கடல்முள்ளிக்குக் கண் இல்லை, ஆனால் மேலை ஒரு நிழல் விழுந்தால் அத்தனை முள்ளும் அந்தப் பக்கம் திரும்பும் எண்டு. இல்லை, நோகேல்லை. என்ர கையிலை ஏறின முள்ளை இழுக்கேக்கை நீர் சாவணத்தை நேராய்ப் பிடியும். சரிச்சு இழுத்தால் முறிஞ்சுபோம். கரும்பலகையிலை எழுதிற வெண்கட்டி மாதிரித்தான் முறியும், உள்ளுக்கை கோறை, ஒண்டுமில்லை.

ஓம், வீட்டிலைதான் வளர்க்கிறனான், புளியங்கூடலிலை. ஏன் சிரிக்கிறீர்? பென்சன் எடுத்த ரீச்சர்மார் எல்லாம் கோயில் வீதி கூட்ட வேணும் எண்டு சட்டமே? தமையன்ர மகன் சதீசன் கனடாவிலை இருந்து வந்து நிக்கேக்கை பூட்டித் தந்த கண்ணாடித் தொட்டி. மூண்டரை அடி நீளம். உள்ளுக்கை இருக்கிற முருகைக்கல்லு, பவளப்பாறை எண்டுறதுதான், கடலிலை உடைச்சதில்லை, கொழும்பிலை வளர்த்து விக்கிற இடத்திலை வாங்கினது. சட்டத்துக்கு மாறாய் நான் ஒண்டும் செய்யிறதில்லை. நாலு மாதத்திலை கல்லு முழுக்கப் பாசி படர்ந்து போட்டுது. பல்லுத் தீட்டுற பிரஷ்ஷாலை தேய்ச்சும் பார்த்தன், போகேல்லை. அப்பத்தான் அன்ரனிதாஸ் ஒரு கறுத்த முள்ளியைக் கொண்டுவந்து விட்டவன். கடலடியிலை கடலட்டை பிடிக்கச் சுழியோடுறவன். ஒரு கிழமையிலை கல்லெல்லாம் கழுவித் துடைச்ச மாதிரி. பாசியைச் சுரண்டித் தின்னும், உயிருள்ள முருகைக்கல்லிலை வாய் வைக்காது. என்ன, ஊர்ந்து போகேக்கை சின்னக் கொப்புகளைத் தட்டி விழுத்திப் போடும். அதுகளைப் பசை வைச்சு ஒட்டிவிட வேணும்.

சனிக்கிழமை எண்டால் ரெண்டு கானிலை தெளிஞ்ச கடல்தண்ணி கொண்டருவான். மழை பெஞ்ச கிழமை எண்டால் வள்ளத்திலை தூரம் போய்த்தான் அள்ளுவான். உப்புக் குறைஞ்சால் முள்ளெல்லாம் கொட்டிச் செத்துப்போம் எண்டு அவனுக்குத் தெரியும். மூண்டு வருசம், ஒரு சனி தப்பேல்லை.

போன மாதம் அட்டைக்கு இறங்கினவன் உயிரோடை ஏறேல்லை. ஓம், அதே அன்ரனிதாஸ்தான். இந்த ஆஸ்பத்திரிக்குத்தானே கொண்டுவந்தவை. நீர் அண்டைக்கு நிண்டனீரோ? சரி, வேண்டாம். சொல்லாதேயும்.

அண்டையிலை இருந்து அந்த முள்ளியின்ர போக்குச் சரியில்லை. கை நீட்ட வேண்டாம், நிழல் விழ வேண்டாம், நான் கதிரையிலை இருந்தால் போதும். முள்ளெல்லாம் என்ர பக்கம். கதிரையைத் தூக்கித் தொட்டிக்கு அங்காலை போட்டன். பேப்பரை ஒரு பக்கம் வாசிச்சுப்போட்டு நிமிர்ந்தால், அங்காலையும் திரும்பியாச்சு. லைற்றை நிப்பாட்டித் துணி போட்டு மூடினன். மூடினால் அது கண்ணாடியிலை ஊருற சத்தம் கேக்குது, பிள்ளை. கர், கர் எண்டு, சிலேற்றிலை எழுதிற மாதிரி. இப்ப சமைக்கக் குசினிக்குப் போறதெண்டாலும் முன்பக்கத்தாலை இறங்கி, கிணத்தடியாலை சுத்தித்தான் போறனான். அறுபத்தெட்டு வயசிலை, கண்ணே இல்லாத ஒண்டுக்குப் பயந்து. வீட்டிலை நானும் அதுவும்தான். இப்பிடியே எத்தினை நாளைக்கு இருக்க ஏலும், சொல்லும் பாப்பம்.

நேற்று அவன்ர முப்பத்தோராம் நாள். பூசை முடிய வீட்டிலை சாப்பாடு. அவன்ர மனிசி ஜெனீற்றா என்னை முதல் பந்தியிலை இருத்திப்போட்டுப் பக்கத்திலை வந்து குந்தினவள். ரீச்சர், இவருக்கு உங்கடை தொட்டிக் கதைதான் எந்த நேரமும் எண்டாள். ஒவ்வொரு சனியும் அவர் திரும்பி வந்த உடனை நான் கேப்பன், இண்டைக்காவது உங்கடை ரீச்சர் அந்த முள்ளியைப் பற்றி ஏதும் சொன்னவவோ எண்டு. இல்லை, வாற கிழமை சொல்லுவா எண்டு சிரிப்பார் எண்டாள்.

நான் கண்டனான், பிள்ளை. கொண்டுவந்து விட்ட முதல் நாளே கண்டனான். கையை நீட்டிப் பாருங்கோ ரீச்சர், தொட வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு என்ர முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டவன். நீட்டினன். அத்தனை முள்ளும் திரும்பினது. நான் என்ன சொன்னனான் தெரியுமே? தண்ணியை நிலத்திலை சிந்தாமல் ஊத்தும் எண்டனான்.

ஏனெண்டால் அவன் எனக்கு அதைச் சொன்னது தொட்டியடியிலை இல்லை. எட்டாம் வகுப்பிலை. கடல்முள்ளி மாதிரியான முட்தோலி இனத்துக்குக் கண் இல்லை எண்டு நான் கரும்பலகையிலை எழுதி முடியேல்லை, எழும்பி நிண்டு சொன்னவன். புத்தகத்திலை இல்லாததைக் கதையாதை, இரு எண்டன். நான் கண்டனான் ரீச்சர் எண்டான். பொய் எண்டு ஒத்துக்கொள்ளுமட்டும் கையை நீட்டு எண்டன். முப்பத்திரண்டு பிள்ளையளும் பார்த்துக்கொண்டிருந்ததுகள். அவன் ஒத்துக்கொள்ளேல்லை, பிரம்புதான் முறிஞ்சது. அடுத்த நாள் தேப்பனோடை கடலுக்குப் போனவன், பிறகு பள்ளிக்கூடப் பக்கம் வரேல்லை.

நீர் என்ன எழுதிறீர் அதிலை? தொட்டி கழுவேக்கை தவறுதலாய்க் கை பட்டது எண்டோ? அதை வெட்டும். பிழையானதை எழுதி என்னைக்கொண்டு கையெழுத்து வைப்பிக்காதேயும். இண்டைக்குக் காலமை துணியை எடுத்துப்போட்டு, உள்ளங்கையை விரிச்சு நீட்டினனான். ஒவ்வொரு தரமும் கையைத் தூக்கி எடுத்து, திரும்ப அந்த முள்ளிலை அமத்தி வைச்சனான். அது ஒருக்காலும் பின்வாங்கேல்லை.

தட்டிலை எத்தினை கிடக்கு, எண்ணும். அஞ்சோ? அப்ப பெருவிரலடியிலை வடிவாய்ப் பாரும், பிள்ளை, இன்னும் ஒண்டு கிடக்கும். பிரம்பாலை நான் அவனுக்குப் போட்டது ஆறு.