பென்குயின் வீடு

— உள்ள யார் யார் இருக்கா? ஒண்ணு விடாம சொல்லு, ஷாரோன்.

— யூகேஜி பசங்க இருபத்திரண்டு பேரு, மேடம். ஆயா உலகம்மாள். புனே ஹெட் ஆபீஸ்லருந்து ஸ்கூலப் பாக்க வந்த ராகினி மேடம். அப்புறம் பெட்டி.

— பெட்டியை ஏன் ஆள் கணக்குல சேக்கறே?

— நீங்கதான் ஒண்ணு விடாம சொல்லச் சொன்னீங்க.

— வாய். ராகினி எப்போ வந்தா? நான் கோயிலுக்குப் போயிட்டு இப்பத்தான் ஸ்கூலுக்குள்ள நுழையறேன். பிரின்சிபால்னு ஒருத்தி இருக்கேன், எனக்கு யாரும் சொல்லலியே.

— பின்பக்கமா வந்தாங்க மேடம். நேரா கிளாசுக்குப் போய் பசங்களோட தரையில உக்காந்துட்டாங்க. நீங்க வந்தா அங்கயே வரச் சொன்னாங்க. வாங்க, போலாம்.

— நான் வரமாட்டேன். பிணம் வெச்ச ஃப்ரீசர் பாக்ஸ் இருக்கற எடத்துல காலெடுத்து வைக்கமாட்டேன். மார்கழி மாசம். விடியறதுக்கு முன்னாடி குளிச்சு, பெருமாளைச் சேவிச்சுட்டு வந்திருக்கேன். அந்த ரூமை அலம்பி விடற வரைக்கும் இந்த ஆபீசைத் தாண்டமாட்டேன்.

— அது ஃப்ரீசர் பாக்ஸ் இல்ல மேடம். பென்குயின் வீடு.

— எனக்கே பாடம் எடுக்கறியா? வரும்போது ஜன்னல் வழியாப் பாத்தேன். சுத்தி பஞ்சு ஒட்டி, காகிதப் பென்குயின் ஒட்டி வெச்சிருக்கே. பஞ்சுக்கு நடுவுல 'இறுதிப் பயண சேவை, இருபத்துநாலு மணி நேரமும்'னு கொட்டை எழுத்துல தெரியறது.

— அந்த எடத்துக்கு பஞ்சு பத்தல மேடம். ரெண்டு பண்டல் கேட்டேன். ஒண்ணுதான் வாங்கித் தந்தீங்க.

— யாருக்குடி இப்படியெல்லாம் தோணும்?

— புனே புக்குலதான் போட்டிருக்கு. குளிர்கால வாரம், மூணாம் நாள். பசங்கள வெளிய கூட்டிட்டுப் போய் பனியத் தொட்டுப் பாக்க விடுங்கன்னு. ஒரகடத்துல வெளிய கூட்டிட்டுப் போனா கன்டெய்னர் லாரியத்தான் தொட்டுப் பாக்கணும். அதான் பேரன்ட்ஸ் குரூப்புல போட்டேன், சில்லுனு எது இருந்தாலும் குடுத்து உதவுங்கன்னு. ஒருத்தர் மோர் குடுத்தனுப்புனாரு. ஒருத்தர் ஐஸ்கிரீம் டப்பா அனுப்புனாரு, தொறந்தா இட்லி மாவு. பதினஞ்சு பேரு குரங்கு குல்லா. எழிலரசியோட அப்பா மட்டும்தான் மைனஸ் மூணு டிகிரிய வண்டியில ஏத்திட்டு வந்தாரு.

— அந்த அப்பாவுவா? அட்மிஷன் ஃபாரத்துல ஃப்ரிட்ஜ் மெக்கானிக்னுன்னா எழுதியிருந்தார்.

— இதுவும் ஃப்ரிட்ஜ்தானே மேடம். கொஞ்சம் நீளம்.

— அதை வெச்சுண்டு குழந்தைகளுக்கு என்னதான் சொல்லிக் குடுத்தே?

— கண்ணாடி மூடி மேல மூச்சு விட்டா ஆவி படியுதுல்ல, அதுல விரலால 'ப' எழுதச் சொன்னேன். பனி, பஞ்சு, பென்குயின்.

— பெட்டி, பிணம், பாடை. அதையும் சேத்துக்கோயேன்.

— அதையும் பசங்களே சொல்லிட்டாங்க மேடம். உள்ள தகட்டுல படிஞ்ச பனிய ஸ்பூனால சுரண்டி ஆளுக்கு ஒரு கை குடுத்தேன். யார் கையில கடைசியா கரையுதோ அவங்க ஜெயிச்சாங்க. கரையுற வரைக்கும் பேசக்கூடாது.

— இப்போ பேச்சு மட்டுமா கேக்கறது. அது என்ன சத்தம்?

— அடுத்த ஆட்டம் மேடம். பென்குயின் நடை.

— விசில் அடிக்கறதுகளே.

— பென்குயின் விசில் அடிக்கும் மேடம்.

— தாளம் வேற.

— எழிலரசி டெஸ்க்குல தட்டுறா. அவதான் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்குறா. வரிசையா வரணும். பெட்டிய ஒரு சுத்து சுத்தணும். தெர்மாகோல் பனியத் தூவணும். கும்பிட்டுட்டு, நிக்காம நகரணும். பின்னால வர்றவங்களுக்கு வழி விடணும். ஜூன் மாசத்துலருந்து லைன்ல நில்லுங்க, லைன்ல நில்லுங்கன்னு கத்துறேன். இன்னிக்குத்தான் தள்ளுமுள்ளு இல்லாம நின்னாங்க.

— பெருமாளே. இதையெல்லாம் ராகினி பாத்துண்டா இருக்கா?

— வீடியோ எடுக்குறாங்க.

— போச்சு. ஸ்கூல் பேரு போச்சு. என்ன சொல்றா?

— ரொம்ப அழகா இருக்குன்னாங்க. தமிழ் படிக்கத் தெரியாதுல்ல, கொட்டை எழுத்தும் அவங்களுக்கு பனி மாதிரித்தான். இத்தன பிராஞ்சு பாத்தேன், எல்லா எடத்துலயும் பனின்னு பஞ்சத்தான் காட்டுறாங்க, இங்கதான் குளுருதுன்னாங்க. இது யாரோட ஐடியான்னு கேட்டாங்க.

— நீ என்ன சொன்னே?

— இன்னும் ஒண்ணும் சொல்லல. அதுக்குள்ள நீங்க கூப்டீங்க.

— என்னோட ஐடியான்னு சொல்லு.

— மேடம், இப்பத்தான் இதெல்லாம் யாருக்குடி தோணும்னு கேட்டீங்க.

— கேட்டேன். ஸ்கூல் என்னோடது. இங்க யாருக்கு எது தோணினாலும் அது என்னோடதுதான். போய்ச் சொல்லு. இன்னொண்ணு, சாயங்காலம் உன் சாமானை எடுத்துண்டு கிளம்பிடு. ஜனவரிலேர்ந்து எங்கண்ணா பொண்ணு ரஞ்சனா யூகேஜி எடுக்கறா.

— என்னோட அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எட்டு மாசமா உங்க டிராயர்ல இருக்கு மேடம். டைப் அடிச்சு, சீல் குத்தி. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. புனேக்காரங்க வந்து பாத்துட்டு நல்லா இருக்குன்னா போடறேன்னீங்க. நல்லா இருக்குன்னுட்டாங்க.

— என் ஐடியாவைத்தானே நல்லா இருக்குன்னா. உனக்கு எதுக்கு ஆர்டர்?

— சரிங்க மேடம். போய்ச் சொல்லிட்டு வரேன்.

*

— மேடம், வணக்கம். ஷாரோன் மிஸ் இல்லீங்களா?

— உள்ள வராதீங்கோ, அப்பாவு. வாசப்படிக்கு அந்தாண்ட நில்லுங்கோ.

— நிக்கிறேன் மேடம். காலைல பெட்டிய எறக்கி வெச்சிட்டு சவாரிக்குப் பூட்டேன். இப்ப அர்ஜென்டா வேணும். சேரப்பணஞ்சேரில ஒரு பெரியவரு தவறிட்டாரு. புள்ள கார் சீட்டு செய்யிற கம்பெனில ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு. லைன வுட்டு வர்றதுக்கு சூப்பர்வைசர் வுடமாட்டேங்கிறானாம். அவரு வர்ற வரிக்கும் பாடி தாங்கணும்ல.

— எடுத்துண்டு போங்கோ. இந்த நிமிஷமே.

— மிஸ்சு சொல்லாம எப்டி மேடம்? உள்ள பொம்மையெல்லாம் வெச்சிருப்பாங்க. பாதி ஆட்டத்துல உருவிக்கினு போனா புள்ளைங்க அழுவும். நம்ம தொழில்ல பெட்டிய எடுக்கசொல்ல அழாத எடமே இல்ல, இங்கயாவது சிரிச்சிக்கினு எடுக்கலாமேன்னு பாக்குறேன்.

— பள்ளிக்கூடத்துக்கு இதைக் கொண்டுவரலாமான்னு ஒரு தடவை யோசிச்சேளா?

— டெட்டால் ஊத்தி ரெண்டு தபா கழுவித்தான் மேடம் கொணாந்தேன். உங்க ஸ்கூல் பெஞ்சக்கூட யாரும் அப்டிக் கழுவியிருக்கமாட்டாங்க.

— மேடம், சொல்லிட்டேன். அண்ணா, நீங்க எப்ப வந்தீங்க?

— என்ன சொன்னா, ஷாரோன்? சீக்கிரம் சொல்லு.

— அவங்களுக்கு ஏக சந்தோஷம் மேடம். மத்தியானம் ஸ்ரீபெரும்புதூர் பிராஞ்சுல எல்லா பிரின்சிபாலுக்கும் டிரெய்னிங் வெச்சிருக்காங்களாம். பெட்டிய அங்க கொண்டுபோய் செஞ்சு காட்டணுமாம். யாரோட ஐடியாவோ அவங்களே பெட்டியோட வரணுமாம்.

— மிஸ், பெட்டி சேரப்பணஞ்சேரிக்கு...

— இருங்கண்ணா, பேசிட்டிருக்கோம்ல.

— பெட்டியோடன்னா? எதுல?

— அப்பாவு அண்ணா வண்டியிலதான் மேடம். வேற வண்டியில இது ஏறாது. ராகினி மேடம் வந்த டாக்சிய அனுப்பிட்டாங்க, அவங்க முன்னால டிரைவர் பக்கத்துல உக்காந்துக்குறாங்களாம். உங்களுக்குப் பின்னால பெஞ்சு இருக்கு.

— அது செத்தவாளோட சொந்தக்காரா உக்காந்துண்டு போற பெஞ்சுடி.

— ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம் மேடம். ரெக்சின் புச்சு.

— நீங்க சும்மா இருங்கோ, அப்பாவு. வண்டி எந்தப் பக்கமாப் போகும்?

— தேரடி வழியாத்தான். வேற ரூட்டுல பள்ளம் தோண்டிப் போட்டுக்கீறாங்க.

— தேரடியா? எங்காத்து வாசல் அது. இவர் பேப்பரை வெச்சுண்டு வாசல்லயேதான் உக்காந்திருப்பார். தெருவே என்னைப் பாக்குமே.

— தோத்தாத்ரி சாருக்கு கைய அசைச்சிடுங்க மேடம். சார் வாசல்ல உசுரோட உக்காந்துக்கினு கீறது தெரியாம, அந்தாண்ட தெருவுல யாராச்சும் மால வாங்கப் போயிடப் போறாங்க.

— ஷாரோன், ஓடு. ஐடியா என்னோடது இல்லை, உன்னோடதுதான்னு சொல்லு.

— சொல்றேன் மேடம். ஆனா ஷாரோன் யாருன்னு கேப்பாங்க. அவங்க கையில ஸ்டாஃப் லிஸ்ட் வெச்சிருக்காங்க, அதுல என் பேரு இல்ல. ஆர்டர் போடாதவங்க பேர புனேக்கு அனுப்பறதில்லன்னு நீங்கதானே சொன்னீங்க. லிஸ்ட்ல இல்லாத ஆள ஜூன்லருந்து கிளாஸ் எடுக்க விட்டது யாருன்னு அடுத்த கேள்வி வரும்.

— நானே போய் அவகிட்டப் பேசிக்கறேன்.

— வாங்க மேடம். பெட்டி பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. இவ்ளோ நேரம் அவங்களும் பனி சுரண்டுனாங்க.

— வெறுங்கையாலயா?

— ஆமா மேடம். உங்கள பாத்ததும் ரெண்டு கையையும் புடிச்சு குலுக்கணும்னு சொன்னாங்க.

— இடது பக்க டிராயர்ல அந்த ஆர்டர் இருக்கும். எடு.

— இந்தாங்க.

— பேனா எங்க?

— இந்தாங்க மேடம். ஏப்ரல் மாசத் தேதி அடிச்சிருக்கு. அது அப்படியே இருக்கட்டும்.

— எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கே. ஸ்டாஃப் ரிஜிஸ்டரைக் கொண்டா.

— பேர எழுதிட்டேன் மேடம். பக்கத்துல நீங்க சுழிச்சாப் போதும்.

— எப்போ எழுதினே?

— இப்பத்தான். நீங்க பேனா தேடும்போது.

— ரஞ்சனாக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?

— பெஞ்சுல ரெண்டு பேரு உக்காரலாமாம் மேடம். அவங்களையும் வேணா கூட்டிட்டுப் போயிட்டு வரேன்.

— வாயை மூடிண்டு கிளம்பு. குழந்தைகள் என்ன பண்றது?

— பன்னண்டு மணி ஆச்சு, வேனெல்லாம் வந்துடுச்சு. உலகம்மாள் ஏத்தி விட்டுருவாங்க.

— நான் இந்த ஜன்னலைச் சாத்திக்கறேன். அந்த வண்டியை என் கண்ணால பாக்க வேண்டாம். ராகினிகிட்ட எனக்குத் தலைவலின்னு சொல்லு. ஆனா ஸ்கூலுக்கு எத்தனை ஸ்டார் போட்டான்னு மறக்காமக் கேட்டுண்டு வா.

— கேக்குறேன் மேடம். அண்ணா, வாங்க, பெட்டிய ஏத்தலாம்.

*

— அந்தப் பக்கம் தூக்குங்க மிஸ். பாத்து, பாத்து. ஏறிடுச்சு. பென்குயினு மூடி மேலயே ஒட்டிக்கினு கீது.

— போற வழியில பிச்சிடறேன். நீங்க வண்டிய எடுங்க.

— நீங்க இன்னாத்துக்கு பின்னால குந்துறீங்க? முன்னால வாங்க.

— மேடம் ஜன்னல் இடுக்குல பாத்துட்டிருக்காங்கண்ணா, அங்கருந்து வண்டியோட பின்பக்கம்தான் தெரியும். கேட்டத் தாண்டுற வரைக்கும் இங்கயே இருக்கேன். நேரா சேரப்பணஞ்சேரிக்கு விடுங்க. என் வீடும் அங்கதான்.

— ஸ்ரீபெரும்புதூருன்னீங்க. நானும் பெட்டிய எடுக்கசொல்ல கிளாஸ் முழுக்கப் பாத்தேன், புள்ளைங்களும் ஆயாவும்தான் கீறாங்க. அந்த புனே அம்மா எங்க மிஸ்?

— வரவே இல்லண்ணா. கூட்ரோட்டு டிராஃபிக்ல ஒரு மணி நேரம் நின்னுட்டு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு ஸ்கூல் போன்ல எங்கிட்ட சொல்லிட்டு, பத்து மணிக்கே திரும்பிட்டாங்க. கதவ சாத்திப் பூட்டுங்க.