பத்து மணிக்கு உறைந்த கைகள்

அவையை அழகுற நடத்தும் தலைவர் அவர்களே! வயதாலும் அறிவாலும் என்னை முந்தி நிற்கும் பெரியோர்களே! இன்றைய வீட்டு வேலையை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கட்டற்ற மென்பொருளைக் கட்டிக் காக்கும் தோழர்களே! கணினி வலையமைப்புகளைப் பழுதுபார்த்துப் பிழைக்கும் இந்தச் சகோதரியின் வணக்கம்.

என்ன, பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? இதோ, ஒலிவாங்கியை நெருங்கிவிட்டேன்.

இணையம் இழுத்தடித்தால் என்ன செய்கிறோம்? திட்டுகிறோம். படம் நின்றாலும் குரல் வந்தால் சமாளித்துக்கொள்கிறோம். ஆனால், குரலுக்கே வேலையில்லாத வகுப்பறையில் படம் நின்றுபோனால்?

என் தங்கை மகளுக்குக் காது கேளாது. அவள் படிக்கும் பள்ளியில் எல்லாமே சைகை மொழிதான். கணக்கு ஆசிரியை இருப்பது வேறோர் ஊரில். அவருக்கும் காது கேளாது. தினமும் காலை பத்து மணிக்குத் திரையில் தோன்றிப் பாடம் நடத்துவார். நான் போன நேரத்தில் ஒரு மாதமாகவே அந்தப் பாடம் தடுமாறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு ஆசிரியை தெரிவார். ஆசிரியைக்குப் பிள்ளைகள் தெரியமாட்டார்கள். அவர் திரையில் எட்டுப் பிள்ளைகளும், பாதி தூக்கிய கைகளோடு எட்டுச் சிலைகளாக நிற்பார்கள்!

பிள்ளைகளின் பதிலைப் பார்க்க முடியாத வகுப்புக்குப் பாடம் நடத்த முடியாது, இந்த வாரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று ஆசிரியை எழுதிவிட்டார். அன்றுதான் தங்கை என்னை அழைத்தாள்.

"அக்கா, டீச்சருக்குத் தன்னைப் பிடிக்கலைன்னு இவ நினைச்சுக்கிட்டு இருக்கா. கையைத் தூக்கவே மாட்டேங்கறா. ஒரு தடவை வந்து பாரேன்."

மறுநாள் காலையிலேயே தங்கையோடு பள்ளிக்குப் போய்விட்டேன். தலைமையாசிரியை பாவம், நொந்துபோயிருந்தார். "நெட் கம்பெனிக்காரங்க சாயங்காலம் வந்து பார்த்தாங்கம்மா. லைன் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

சாயங்காலம்! காலையில் வரும் காய்ச்சலை மாலையில் தொட்டுப் பார்த்தால் தெரியுமா? (சிரிக்காதீர்கள், நானும் அப்படிப் போய் ஏமாந்தவள்தான்.)

மடிக்கணினியைத் திறந்தேன். முதலில் பிங். ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் வர எத்தனை நேரமாகிறது என்று பார்க்கும் கருவி. பள்ளிக்குள்ளேயே சோதித்தேன், பழுதில்லை. வெளியே சோதித்தேன், முப்பது மில்லிநொடியில் பதில். மணி பத்தானது. முப்பது முந்நூறானது! முந்நூறு ஆயிரத்து எண்ணூறானது! திரையில் ஆசிரியை ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருந்தார். காத்திருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

பள்ளியின் இணைய வாசலாக இருந்த பழைய கணினியில் ஐஎப்டாப்பை ஓட்டினேன். எந்தக் கணினி எவ்வளவு அனுப்புகிறது என்று வரிசையாகக் காட்டும் மென்பொருள் அது. வெளியே போகும் பாதை முழுவதையும் ஒரே ஒரு கணினி அடைத்துக்கொண்டிருந்தது. யாருடையது தெரியுமா?

மடிக்கணினியைத் தலைமையாசிரியை பக்கம் திருப்பினேன். "மேடம்... அது உங்க மேசையில இருக்கிறதுதான்."

"என்னோடதா? நான் எதுவுமே பண்ணலையேம்மா! ஒரு மாசமா, வராத பிள்ளைங்களுக்காக முந்தின நாள் பாடத்தைப் பதிவு பண்ணி ஏத்தி வைப்பேன். பத்து மணிக்குக் கணினியைப் போட்டா, அதுபாட்டுக்குப் போகும்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். "அப்ப, நானா பிள்ளைங்க கையைக் கட்டிப் போட்டிருக்கேன்?"

பதிவேற்றத்தை நிறுத்தி, பள்ளி விடும் நேரத்துக்கு மாற்றிவைத்தேன். ஆயிரத்து எண்ணூறு மறுபடி முப்பதுக்கு இறங்கியது. அந்த அம்மாள் நேரே வகுப்புக்குள் போனார். எட்டுப் பிள்ளைகள் முன்பும் ஆசிரியை முன்பும், தவறு தன்னுடையது என்று தம் கைகளாலேயே சொன்னார். எத்தனை பேருக்கு வரும் ஐயா அந்த மனசு?

ஆசிரியை திரையருகே குனிந்து, என் தங்கை மகளைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் தயங்கினாள். ஒரு கை எழுந்தது. மறுகை எழுந்தது. பிறகு ஒரு மாதத்துப் பேச்சும் ஒரே மூச்சில் கொட்டியது! ஆசிரியை இரு கைகளாலும் மறித்தார்.

"என்ன சொல்றாங்க?" என்று தங்கையைக் கேட்டேன்.

"'மெதுவா சொல்லுடி, இந்த வேகத்துல சொன்னா யாருக்குப் புரியும்'னு திட்டுறாங்க அக்கா!" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆசிரியை இன்றுவரை அந்த வகுப்பை விடவில்லை.

அவையோரே! அந்தக் கருவிகளைப் படைத்தவர்கள் யார்? எந்த ஊர்? இந்தச் சிறுமியை அவர்கள் பார்த்ததுண்டா? இல்லை. எடுத்துக்கொள், படித்துப் பார், மாற்று, பகிர் என்று பூட்டாமல் கொடுத்தார்களே, அந்தக் கொடையால்தான் ஒரு குழந்தை கை உயர்த்தினாள்! நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தெருப் பள்ளிக்கு ஒரு காலைப் பொழுது கொடுங்கள்.

அவள் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். என் பேச்சை அவள் அம்மா கைகளால் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் எனக்காகக் கை தட்ட வேண்டாம். காது கேளாதோர் பாராட்டுவது போல, இரு கைகளையும் உயர்த்தி அசையுங்கள்.

ஆகா! போதும் போதும், அவள் திரும்பிப் பார்க்கிறாள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. அவையோர் அனைவருக்கும், என் இரு கைகளாலும் வணக்கம்!